அந்தப் பதினோரு நாள் யாருக்காகக் காத்திருந்தார்கள்?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது:

“2021 மே மாதம் என் கணவருக்குக் கொரோனா வந்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அப்போது அவருக்கு 46 வயது. இரண்டே நாளில் வென்டிலேட்டர் வைத்துவிட்டார்கள். வைத்த ஆறாம் நாள் டியூட்டி டாக்டர் போன் பண்ணி, ‘தொண்டையில் ஓட்டை போட வேண்டியிருக்கும், வந்து கையெழுத்துப் போடுங்கள்’ என்றார். வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். நான் போய்ப் போட்டேன். ஆனால் பதினேழாம் நாள்தான் செய்தார்கள். நடுவில் எப்போது கேட்டாலும் ‘இப்போ ரிஸ்க், பொறுங்க’ என்ற பதில்தான். ஒருநாள் போன் கட்டாகவில்லை என்று தெரியாமல், ‘பாசிட்டிவா இருக்கும்போது யார் போய்த் திறக்கறது’ என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஜூலையில் வீட்டுக்கு வந்தார். குரல் பழைய குரல் இல்லை. கொஞ்ச நாளாக மாடி ஏறினால் இரைக்கிறது, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வருகிறது. வீசிங் என்று பஃப் கொடுத்திருக்கிறார்கள், பெரிதாகக் கேட்கவில்லை. டாக்டர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் தள்ளிப்போட்டார்களா? அந்தத் தாமதத்தால் வந்த கோளாறா இது? இல்லை, நான் கையெழுத்துப் போட்டதுதான் தப்பா? அடுத்த மாதம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் வேறு இருக்கிறது.”

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியதிலிருந்து தொடங்குகிறேன். குடலிறக்க ஆபரேஷன் தேதியைத் தள்ளிவையுங்கள். அதற்கு முன் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் (நானும் அந்தத் துறைதான்) அவருடைய மூச்சுக்குழாயை உள்ளே பார்த்தாக வேண்டும்.

காரணம் அந்தச் சத்தம். வாய்வழி வென்டிலேட்டர் டியூப்பிலோ, கழுத்தைத் திறந்து மூச்சுக்குழாயில் நேராக டியூப் வைக்கும் தொண்டைத் துளையிலோ நாள்கணக்கில் இருந்த ஒருவருக்குப் பிற்பாடு மாடி ஏறும்போது இரைத்து, பஃப் கேட்காமல் போனால், முதலில் சந்தேகப்பட வேண்டியது நுரையீரலை அல்ல. டியூப் அழுத்திய இடத்தில் தழும்பு கட்டி மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கலாம். நம் மூச்சுக்குழாய் ஏறக்குறைய பெருவிரல் தடிமன். அது பென்சில் தடிமனுக்குச் சுருங்கும்வரை உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கு ஒன்றும் தெரியாது, மாடிப்படியில்தான் தெரியும். ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் சும்மா இருக்கும்போதே சத்தம் கேட்கும். அந்த நிலையில் ஒரு சாதாரண சளி, கொஞ்சம் வீக்கம் போதும், இரவோடு இரவாக அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்க வேண்டி வரும். ஆஸ்துமா என்று மாதக்கணக்கில் பஃப் அடித்துக்கொண்டிருந்து, பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு. பஃப் எழுதிக் கொடுத்தவர்களையும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. கழுத்துத் தழும்பைச் சட்டைக் காலர் மறைத்திருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

குடலிறக்கத்துக்கு முதுகில்தானே ஊசி போடுவார்கள் என்று நினைத்து மயக்க மருத்துவரிடம் இதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். முதுகு ஊசி சரியாகப் பிடிக்காவிட்டால் தொண்டையில் டியூப் போட வேண்டியிருக்கும். உள்ளே வழி குறுகியிருக்கிறது என்பதை அந்த நிமிடத்தில்தான் அவர் கண்டுபிடிக்கிறார் என்றால், அதைவிட மோசமான நிமிடம் கிடையாது.

சரி, இனி நீங்கள் உண்மையில் கேட்ட கேள்வி.

தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தள்ளிப்போட்டார்களா? உங்கள் கணவரின் கேஸ் ஷீட்டை நான் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் பொதுவாக நடந்துகொண்ட விதத்தை வைத்துச் சொல்கிறேன். ஆமாம், ஒரு பகுதி அதற்காகத்தான். போனில் நீங்கள் கேட்ட அந்த வாக்கியத்தை, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில், நானும் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பயத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 2003இல் சார்ஸ் பரவியபோது எந்தெந்த வேலை செய்த மருத்துவப் பணியாளர்களுக்கு அதிகம் தொற்றியது என்று பின்னாளில் கணக்குப் பார்த்தார்கள். வாய்வழியே டியூப் போடுகிறவர்களுக்கு மற்றவர்களைவிட ஆறரை மடங்கு, தொண்டையில் துளையிடுகிறவர்களுக்கு நாலு மடங்குக்கு மேல் என்று வந்தது. சின்னச் சின்ன ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு. ஆனால் 2020 மார்ச்சில் எங்கள் கையில் இருந்தது அது ஒன்றுதான். அந்த மார்ச் கடைசியில் இங்கிலாந்தில் அம்ஜத் எல்-ஹவ்ரானி என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் இறந்தார். எங்கள் துறைக்காரர் என்பதால் செய்தி எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியது. ஏப்ரலில் சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் இறந்தார். அவர் உடலை அடக்கம் செய்யப் போன ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அன்றிரவு என் மனைவி ஒன்றுமே பேசவில்லை.

அந்த ஆபரேஷனில் அப்படி என்ன ஆபத்து? சாதாரண நாளில் இது அரை மணி நேர வேலை. கழுத்தின் நடுவில் ஒரு சிறு வெட்டு, தசைகளை விலக்கினால் தைராய்டுக்குக் கீழே மூச்சுக்குழாயின் வெள்ளை வளையங்கள் தெரியும். இரண்டாவது, மூன்றாவது வளையத்துக்கிடையில் திறந்து டியூப்பை வைக்க வேண்டியதுதான். சங்கடம் திறக்கும் அந்தக் கணத்தில். உள்ளே வென்டிலேட்டர் அழுத்தத்தோடு காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. திறந்ததும் நுரையீரலில் இருப்பதெல்லாம் பொடித் துளியாக, குனிந்திருப்பவர் முகத்துக்கு நேரே வரும். நோயாளி ஒருமுறை இருமினால் அதோடு ரத்தமும் சேர்ந்து வரும்.

அதனால் முறையை மாற்றிக்கொண்டோம். நோயாளியை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவதில்லை. வழியெல்லாம் டியூப்பைக் கழற்றி மாட்டி, லிஃப்டில் ஏற்றி இறக்க யாருக்கும் துணிச்சலில்லை. ஐ.சி.யூ. கட்டிலிலேயே செய்தோம். அந்தக் கட்டில் அகலமானது, மெத்தை அமுங்கும். எட்டிக் குனிந்தே நிற்க வேண்டும். பி.பி.இ. கிட், என்-95, கண்ணாடி, அதற்கு மேல் முகக்கவசம். தலையில் மாட்டும் விளக்கு இதற்குள் சரியாக உட்காராது. பத்து நிமிடத்தில் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. அதனால் சைகைகளை முன்பே பேசி வைத்துக்கொள்வோம். இருமக் கூடாது என்று தசைகள் முழுவதும் அசையாதபடி மருந்து. பிறகு சில நிமிடம் நூறு சதவீத ஆக்சிஜன். வாய்வழி டியூப்பின் நுனியைச் சுற்றி, காற்று கசியாமல் அடைக்க ஒரு சிறு பலூன் இருக்கும். அந்தப் பழைய டியூப்பைப் பலூனோடு கீழே தள்ளி வைப்போம், கத்தி அதில் படாமலிருக்க. திறக்கப் போகிறேன் என்று நான் கையைத் தூக்கினால் மயக்க மருத்துவர் வென்டிலேட்டரை நிறுத்துவார். மார்பு ஏறி இறங்குவது நின்றுவிடும். அதற்குப் பிறகு கத்தி, டியூப், பலூனில் காற்று, மறுபடி இணைப்பு. இவ்வளவும் முடியும்வரை அந்த மனிதருக்கு மூச்சு கிடையாது.

நல்ல நுரையீரல் உள்ளவர் இந்த நிலையில் சில நிமிடம் தாங்குவார். கொரோனா நுரையீரல் பல சமயம் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. ஆக்சிஜன் அளவைக் காட்டும் மானிட்டரின் பீப் ஒலி இருக்கிறதே, அளவு குறையக் குறைய அதன் சுருதியும் இறங்கும். நிமிர்ந்து திரையைப் பார்க்க வேண்டாம், காதாலேயே தெரியும். கிட்டுக்குள் மற்ற எதுவும் சரியாகக் கேட்காது, அந்த இறங்கும் சுருதி மட்டும் எப்படியோ கேட்கும்.

ஒருமுறை நான் பழைய டியூப்பைப் போதுமான அளவு கீழே தள்ளச் சொல்லவில்லை. கத்தி நுனி பலூனில் பட்டுவிட்டது. டியூப்பைச் சுற்றிக் காற்று ஒழுக ஆரம்பித்தது. மூச்சு கொடுத்தால் கழுத்துக் காயத்திலிருந்து ரத்தக் குமிழிகள் என் கவசத்தில் தெறித்தன, கொடுக்காவிட்டால் ஆக்சிஜன் இறங்கியது. எப்படியோ முடித்தோம், நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் இரண்டு வாரம் மாடி அறையில் தனியாகப் படுத்தேன், சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டுப் போவார்கள். காய்ச்சல் வரவில்லை. ஆனால் அடுத்த இரண்டு மூன்று நோயாளிகளுக்கு ‘இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாமே’ என்று நான் சொன்னதில் மருத்துவ நியாயம் எவ்வளவு, அந்தக் குமிழி எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இது ஒரு பகுதி. நோயாளிக்காகவே காத்திருந்த பகுதியும் உண்டு, அது சிறியதல்ல. அப்போது நுரையீரல் மோசமாக இருந்தவர்களை ஒரு நாளில் பதினாறு மணி நேரம்போலக் குப்புறப் படுக்க வைத்தோம். உங்கள் கணவருக்கும் அப்படிச் செய்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். புதிதாகத் துளையிட்ட கழுத்தோடு ஒருவரைக் குப்புறப் புரட்டினால் டியூப் பிதுங்கி வெளியே வந்துவிடலாம். முதல் சில நாளில் அப்படி வந்தால் திரும்ப வழி கண்டுபிடிப்பது பெரும்பாடு. ரத்தம் உறையாமலிருக்க ஹெபரின் ஊசி போய்க்கொண்டிருக்கும், வெட்டினால் கசியும். இன்னும் அறுபது எழுபது சதவீத ஆக்சிஜன் தேவைப்படுகிறவருக்கு மூச்சை நிறுத்தித் திறந்தால் கட்டிலிலேயே உயிர் போய்விடலாம். ‘இப்போ ரிஸ்க்’ என்று உங்களிடம் சொன்னதில் இதெல்லாமும் இருந்திருக்கும். அதைப் பிரித்து விளக்க ஐந்து நிமிடம் ஒருவர் ஒதுக்கியிருக்க வேண்டும். ஒதுக்கவில்லை. அது குறைதான், அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 2020இல் காத்திருந்ததற்கும் 2021 மே மாதம் காத்திருந்ததற்கும் வித்தியாசம் உண்டு. முதல் அலையில் பயத்தால் காத்திருந்தோம். இரண்டாம் அலை வருவதற்குள் எங்களில் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டிருந்தோம், பயம் பாதியாகியிருந்தது. ஆனால் அந்த மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரம் பேருக்கு மேல் தொற்று பதிவானது. ஆம்புலன்ஸ்கள் நோயாளியோடு மருத்துவமனை வாசலில் வரிசையில் நின்றன. இந்த ஆபரேஷனுக்கு அனுபவமுள்ள நாலைந்து பேர் ஒரே கட்டிலைச் சுற்றி முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். அந்த முக்கால் மணி நேரம் மற்றக் கட்டில்களைப் பார்க்க ஆளில்லை. உங்கள் கணவரின் பதினோரு நாளில் இதுவும் ஒரு பங்கு எடுத்திருக்கும்.

‘பாசிட்டிவா இருக்கும்போது’ என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெஸ்ட் நெகட்டிவ் ஆன பிறகுதான் துளையிட வேண்டும் என்று ஆரம்பத்தில் பல நாட்டு மருத்துவச் சங்கங்கள் சொல்லின. 14 நாள், 21 நாள் என்றெல்லாம் கெடு வைத்தார்கள். பிறகுதான் தெளிவாயிற்று. ஆர்.டி.பி.சி.ஆர். வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும், ஆனால் அது காட்டுவது பெரும்பாலும் செத்த கிருமியின் மிச்சத்தை. வென்டிலேட்டருக்குப் போகிறவர்கள் காய்ச்சல் தொடங்கி ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் போகிறார்கள். அதற்கு மேலும் பத்து நாள் ஆனவரிடம் பரவக்கூடிய கிருமி பெரும்பாலும் இருக்காது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் மருத்துவமனை ஒன்றில் முதல் அலையிலேயே 100 பேருக்குத் துளையிட்டார்கள், செய்தவர்கள் யாருக்கும் அதனால் தொற்று வரவில்லை. நியூயார்க்கில் ஒரு குழு கெடுவையெல்லாம் பார்க்காமல், காற்று வெளியேறாதபடி செய்முறையையே மாற்றிக்கொண்டு, பத்துப் பதினோரு நாளிலேயே 98 பேருக்குச் செய்தது. ஆக, எங்கள் பயம் ஆபத்தைவிடப் பெரிதாக இருந்தது. நடந்து முடிந்த பிறகு இதைச் சொல்வது எளிது, அதுவும் எனக்குத் தெரியும்.

அந்தத் தாமதம் அவர் உயிரோடு விளையாடியதா என்றால், இல்லை என்றே நினைக்கிறேன். கொரோனாவுக்கு முன்பே இங்கிலாந்தில் 900 பேருக்கு மேல் சேர்த்து ஒரு பெரிய சோதனை நடத்தி, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு நாலு நாளுக்குள் துளையிடுவது, மீதிப் பேருக்குப் பத்து நாள் கழித்துத் தேவைப்பட்டால் மட்டும் செய்வது. இறந்தவர் கணக்கில் இரண்டு பக்கமும் வித்தியாசமில்லை. காத்திருந்த பக்கத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் துளையே தேவைப்படவில்லை. அது வேறு நோயாளிகள் மேல் நடந்த சோதனை என்பது உண்மைதான். இருந்தாலும், ஆறாம் நாள் துளையிடாததை அநியாயம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

குரலும் இரைப்பும் வேறு கதை. வாய்வழி டியூப் குரல் நாண்களுக்கு நடுவே கிடக்கும். பதினேழு நாள் கிடந்தால் அங்கே புண்ணாகி ஆறும்போது நாண்கள் விறைத்துப் போகலாம். குரல் மாறியதற்கு அந்த நாட்கள் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மூச்சுக்குழாய் சுருக்கம், அப்படி ஒன்று இருந்தால், எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். துளைக்கு மேலேயா, துளையிட்ட இடத்திலேயா, அதற்கும் கீழே பலூன் அழுத்திய இடத்திலேயா? பலூனின் அழுத்தம் 20இலிருந்து 30 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். மீட்டர் வைத்து அளப்பதுதான் முறை. அந்த மே மாதம் எத்தனை ஐ.சி.யூ.வில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் மீட்டர் வைத்தார்கள்? பைலட் பலூனை (உள்ளே இருக்கும் பலூனோடு இணைந்து வெளியே தொங்கும் குட்டிப் பலூன்) விரலால் அமுக்கிப் பார்த்து ‘டைட்டா இருக்கு, போதும்’ என்று போனதுதான் பெரும்பாலும். அழுத்தம் கூடினால் அந்த இடத்துச் சவ்வுக்கு ரத்தம் போகாது, செத்துத் தழும்பாகும். சீக்கிரம் துளையிட்டிருந்தாலும் துளை டியூப்பிலும் பலூன் உண்டு, அங்கேயும் இது நடந்திருக்கலாம்.

யார்மீதாவது வழக்குப் போடலாமா என்று உங்கள் மைத்துனர் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். சட்டம் என் துறையல்ல. உள்நோயாளிக் கோப்புகளை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் மருத்துவக் கவுன்சில் விதி, அது தாண்டிவிட்டது. இருந்தாலும் கேட்டுப் பாருங்கள். வழக்குக்கு இல்லாவிட்டாலும் சிகிச்சைக்கு உதவும்.

அப்புறம் அந்தக் கையெழுத்து. ‘ஓட்டை போட்டால் அவ்வளவுதான், பிழைக்க மாட்டார்’ என்று உங்கள் வீட்டில் சொன்னார்களாம். நம் ஊரில் எல்லா வீட்டிலும் இதைச் சொல்வார்கள். உண்மையில் ஐ.சி.யூ. என்ற ஒன்றே இந்தத் துளையிலிருந்து பிறந்ததுதான். 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோயாகப் பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்து பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், சாகக் கிடந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் துளையிடச் செய்து, பலூன் வைத்த டியூப் வழியாகக் கையால் பையை அமுக்கிக் காற்றுக் கொடுத்தார். முதலில் சரிப்படவில்லை. அவள் மூச்சுக்குழாய் இறுகித் திணறினாள், பார்க்க வந்த டாக்டர்கள் சிலர் வெளியே போய்விட்டார்கள். அவர் மயக்க மருந்து கொடுத்து அவள் திணறலை அடக்கிய பிறகுதான் காற்று உள்ளே போனது. பிழைத்தாள். பிறகு ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகப் பை அமுக்கினார்கள், அந்த ஊரில் அப்போது போதுமான இயந்திரங்கள் இல்லை. அந்த வார்டில்தான் நவீன தீவிர சிகிச்சை தொடங்கியது.

உங்கள் கணவருக்கு அந்தத் துளைக்குப் பின் பத்து நாளில் மயக்க மருந்தை நிறுத்தினார்கள், கண் திறந்து உங்களை வீடியோ காலில் பார்த்துக் கையசைத்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாயில் டியூப்போடு அது நடந்திருக்க வாய்ப்புக் குறைவு. அந்த டியூப்பைச் சகித்துக்கொள்ளவே மயக்கம் வேண்டும். எல்லோரும் வேண்டாம் என்றபோது நீங்கள் ஒருவர் கையெழுத்துப் போட்டீர்கள். நான் அவரைப் பார்த்த டாக்டராக இருந்திருந்தால், அந்தக் கையெழுத்துக்காகத்தான் காத்திருந்திருப்பேன்.

இனி செய்ய வேண்டியது. எண்டோஸ்கோப்பி வசதியுள்ள காது மூக்கு தொண்டைப் பிரிவு ஒன்றுக்குப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உண்டு, தஞ்சாவூர் உங்களுக்குப் பக்கம். மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்ப்பார்கள், கழுத்துக்கும் மார்புக்கும் சி.டி. எடுப்பார்கள். சுருக்கம் லேசாக இருந்தால் பலூன் வைத்து விரிப்பது போதும், சிலருக்கு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரும். மோசமாக இருந்தால் சுருங்கிய வளையங்களை வெட்டியெடுத்து முனைகளைச் சேர்த்துத் தைக்கும் ஆபரேஷன் இருக்கிறது, கைதேர்ந்தவர்கள் செய்தால் நல்ல பலன் தரும். குரலுக்குப் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். இத்தனை வருடம் கழித்தும் கொஞ்சம் தேறும்.

டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய சி.டி. படங்கள், இப்போது அடிக்கும் பஃப், எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். போவதற்கு முன் வீட்டில் ஒன்று செய்யுங்கள். அவரை ஒரு மாடி ஏறச் சொல்லி, மேலே நின்று உங்கள் செல்போனில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். டாக்டர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் சத்தம் அடங்கிவிடும், ‘நல்லாத்தானே இருக்கார்’ என்று அனுப்பிவிடுவார்கள். பதிவு செய்யும்போது கவனித்துக் கேளுங்கள், மூச்சை உள்ளே இழுக்கும்போது வருகிறதா, வெளியே விடும்போது வருகிறதா என்று. விடும்போது மட்டும் என்றால் பஃப் கொடுத்தவர் சொன்னது சரியாக இருக்கலாம். இழுக்கும்போது வந்தால் இந்த வாரமே போங்கள்.